‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’

தமிழில் ‘க’ ஒன்றுதான். கண்ணில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, மகனில் இன்னொரு மாதிரி ஒலித்தாலும் எழுதும்போது கை ஒரே எழுத்தைத்தான் தேடும். மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்துகள் நிற்கின்றன. கேரளத்தின் வண்டன்மேட்டில் மலையாள வழிப் பள்ளியில் சேரும் தமிழ்க் குழந்தை, வீட்டில் யாரும் பிரித்துச் சொல்லாத அந்த நான்கு ஒலிகளையும் காதால் பிரித்தறிந்து நான்கு வடிவங்களாக எழுத வேண்டும். முதல் வருடம் தடுமாறத்தான் செய்யும். அது இயல்பு.

இரண்டாம் வருடமும் தடுமாறினால்?

‘தமிழ்ப் பிள்ளைதானே, பாஷை பிடிபட்டால் சரியாகிவிடும்’ என்று டீச்சர் நினைக்கலாம். ‘இவனுக்குப் படிப்பு ஏறலை’ என்று வீட்டில் நினைக்கலாம். இரண்டுமே தப்பாக இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கரும்பலகை மங்கலாகத் தெரியலாம். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று எல்லாரும் நல்லெண்ணத்தோடு சொல்லும் அந்த ஒரு பேச்சில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் கழிந்துபோகின்றன.

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலக்காய் நாடு வண்டன்மேடு. பக்கத்துப் புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஸ்பைசஸ் பார்க். அங்கே நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் விலையைத் தெரிந்துகொள்ள நாடெங்குமுள்ள வியாபாரிகள் காத்திருப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தோட்டவேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஜீப்புகள் மலையேறும். தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். அண்மைக் காலத்தில் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளுக்கு மலையாளமும் புதிது, தமிழும் புதிது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தைக்குச் சிறப்புக் கல்வி உதவி தேவை என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்த பின் அதைப் பெறுவதும் மற்ற இடங்களைவிடக் கடினம். தாமதம் எங்கெங்கே நேர்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்பது புரியும்.

முதல் தாமதம் பெரும்பாலும் வீட்டில். இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், “அவங்க அப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசலையாம், டீச்சர்” என்று அங்கன்வாடியில் சொல்லும் அம்மாக்கள் உண்டு. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்பது உண்மையே. ஆனால் எந்தப் பிள்ளை தானாகப் பேசிவிடும், எதற்கு உதவி தேவை என்பதை அம்மாவோ பாட்டியோ அருகிலிருந்து பார்த்தே சொல்லிவிட முடியாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தையை, முன்பு பேசிக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திவிட்ட குழந்தையை உடனே காட்ட வேண்டும். முதல் வேலை காது பரிசோதனை. பிறந்து 1 மாதத்துக்குள் காதைச் சோதிப்பது, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. கேரளத்தில் காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்தும் சுருதிதரங்கம் திட்டம் 2012இல் வந்தது. ஆனால் அது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. வீட்டில் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதில் அந்த வயது கடந்துவிட்டால் திட்டம் இருந்தும் இல்லாத கதைதான்.

பிள்ளையின் வளர்ச்சிக் குறையைக் கண்டறியப் பெரிய ஆஸ்பத்திரியோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை என்பதைக் கேரளமே உலகுக்குக் காட்டியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் உருவாக்கிய குழந்தை வளர்ச்சி மையம், இரண்டு வயது வரையான குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதிக்க 17 கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணையை வடிவமைத்தது. அங்கன்வாடி ஊழியர் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும் வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் சோதித்து, தேவைப்பட்டால் மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்ப வேண்டும். சோதனைக்கு வரும் குழுவுக்காகக் காத்திருக்காமல் ஆஷா ஊழியரிடமோ அங்கன்வாடி டீச்சரிடமோ நேரே கேட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போவது வேகமான வழி. யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட இந்தியக் கல்வி அறிக்கையின்படி, 5 வயதுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூவர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை. அந்த வயதில் அங்கன்வாடியிலும் இல்லாத பிள்ளையை எந்தக் குழுவும் தற்செயலாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இரண்டாவது தாமதம் மொழியால் வருவது. எல்லை ஊர்களில் இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. பிள்ளையின் தடுமாற்றம் புது மொழியாலா, கற்றல் குறைபாட்டாலா?

இதைப் பிரித்தறிய நிபுணர்கள் கையாளும் அடிப்படை எளிமையானது. குறைபாடு உள்ள குழந்தைக்குத் தடுமாற்றம் இரண்டு மொழியிலும் வரும். மொழி மட்டுமே புதிதாக இருக்கும் குழந்தைக்குத் தாய்மொழியில் சிக்கல் இருக்காது. அதனால் கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். நேற்று பார்த்ததைத் தமிழில் முன்பின் மாறாமல் கதையாகச் சொல்கிறாளா? ‘அப்பளம்’ என்பதில் எத்தனை ஒலித்துண்டு என்று கைதட்டிக் காட்டுகிறாளா? தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாளா? ‘கெ’ என்பதில் கண்ணில் முதலில் படும் கொம்பு ஒலியில் பின்னால் வருவதும் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும். ல, ள, ழ மூன்றும் எல்லாக் குழந்தைகளையும் கொஞ்ச நாள் குழப்பும். ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் தமிழிலும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால், அதை ‘மலையாளப் பிரச்சினை’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இதன் மறுபக்கமும் ஆபத்தானது. தமிழ் மட்டுமே பேசும் குழந்தையை மலையாளத்தில் மட்டும் சோதித்து ‘அறிவுத்திறன் குறைவு’ என்று எழுதிவிட்டால் அந்தத் தாள் அந்தப் பிள்ளையைப் பல ஆண்டுகள் துரத்தும். சோதனைக்குப் போகும்போதே, “பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும், தமிழில் பேசிச் சோதிக்கணும்” என்று பெற்றோர் சொல்ல வேண்டும். அதையே விண்ணப்பத்தில் எழுத்திலும் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் தமிழ் வழிப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போகலாம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. இடுக்கியில் தமிழ் வழிப் பள்ளிகள் இருப்பதற்கும், கேரளப் பாடநூல்கள் தமிழில் அச்சாவதற்கும் பின்னால் மொழிச் சிறுபான்மையினரின் இந்த உரிமை நிற்கிறது. மாற்றுத்திறன் குழந்தை என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது.

கற்றல் குறைபாட்டைப் பொறுத்தவரை இன்னொரு குழப்பமும் உண்டு. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. டிஸ்லெக்சியாவுக்கும் ஆட்டிசத்துக்கும் அதில் இடமில்லை. மகாராஷ்டிரம் மட்டும் 1996இலேயே கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகைகளை அறிவித்தது. 2007இல் அமீர்கானின் ‘தாரே ஜமீன் பர்’ வந்தபோது நாடு முழுக்க வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்தது. சட்டம் விழித்துக்கொண்டது அதற்கும் ஒன்பது ஆண்டு கழித்து: 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில்.

அந்தச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் 2018இல் வந்தன. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 8 வயதுக்குப் பிறகுதான் தரலாம், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும், பள்ளிகள் மூன்றாம் வகுப்பிலாவது 8 வயதிலாவது, எது முந்தியதோ அப்போது, பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். இதிலிருந்துதான் தவறான ஒரு முடிவு பிறக்கிறது. ‘எட்டு வயசுக்கு முன்னாடி ஒண்ணும் செய்ய முடியாதாம்.’ அப்படி எந்த நெறியும் சொல்லவில்லை. 8 வயது என்பது சான்றிதழுக்கான வரம்பு மட்டுமே. குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டியது பள்ளியின் கடமை என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைக்கவும், எழுத்தை மணலில் எழுதிப் பழக்கவும், கேள்வியை வாசித்துக் காட்டவும் எந்த மெடிக்கல் போர்டின் கையெழுத்தும் வேண்டாம். மும்பை சயான் மருத்துவமனையின் கற்றல் குறைபாட்டுப் பிரிவு வெளியிட்ட ஆய்வுகளைப் படித்தால் மனம் கனக்கிறது. பள்ளியில் சிக்கல் தென்பட்ட பிறகும் பல ஆண்டுகள் கழித்தே பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். பெருநகரத்தின் நடுவே உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் நிலையே அதுவென்றால் மலைமேல் இருக்கும் ஒரு பள்ளியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, காகிதத் தாமதம். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. கார்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் மெடிக்கல் போர்டு சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். 2017 விதிகள் இதற்கு ஒரு மாதம் கொடுத்தன. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள் அதை மூன்று மாதமாக நீட்டிவிட்டன. வண்டன்மேட்டுக் குடும்பங்களுக்கு இதோடு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வேலையும் பள்ளியும் இடுக்கியில், ரேஷன் கார்டும் ஆதார் முகவரியும் தேனி மாவட்டத்தில். எந்த மாவட்டத்தில் விண்ணப்பிப்பது? விண்ணப்பதாரரின் முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம். சிகிச்சை பெற்றுவரும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இரண்டு வழி தருகிறது. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்துவரும் குழந்தைக்கு அங்கேயே சான்றிதழ் பெற முயலலாம். கார்டு எந்த மாநிலத்தில் வாங்கினாலும் நாடு முழுவதும் செல்லும். மலையின் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்று கூலியை இழந்து அலையும் குடும்பங்களுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை நாள் மிஞ்சியிருக்கும்!

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எல்லாம் போச்சு என்பதும் முழு உண்மை இல்லை. இலவசக் கல்வியை 18 வயது வரை நீட்டிக்கும் 31ஆம் பிரிவு போன்ற சிலவற்றுக்கு 40 சதவீதம் தேவை. ஆனால் எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வர், தாம் சொல்வதை எழுத ஆள் கேட்டுத் தொடர்ந்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தேவையான வசதியைச் செய்துகொடுப்பது 40 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 30 சதவீதம் என்று எழுதப்பட்ட பிள்ளைக்கும் கூடுதல் நேரம் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.

நான்காவது தாமதம்தான் கோபத்தைக் கிளப்புவது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத நிலை அது. கேரளத்தில் பள்ளிக் கல்விக்கான அரசுத் திட்டமான சமக்ர சிக்‌ஷாவின் கீழ் பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்கள் இவர்களில் பலர். நாடெங்கும் இதே நிலைதான். உத்தரப் பிரதேசச் சிறப்பாசிரியர்கள் தொடர்ந்த ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கை வகுத்தது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர். 2022இல் மத்திய அரசு அதை விதியாக்கியது. 2025 மார்ச்சில் அதே வழக்கு மறுபடி வந்தபோது, பல மாநிலங்கள் பணியிடங்களைக்கூடக் கண்டறிந்து அறிவிக்கவில்லை என்று நீதிமன்றம் குறித்தது. பணியிடங்களை அறிவித்து நிரப்பச் சொன்னது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பை முடிக்கும் அளவுக்குக் காலம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் ஓடிவிட்டது.

பணக்கார நாடுகளிலும் தாமதம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் சிறப்புக் கல்வித் திட்டம் கேட்டு விண்ணப்பித்தால் 20 வாரத்தில் முடிவாக வேண்டும் என்பது சட்டம். அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அந்தக் கெடுவுக்குள் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு கெடு இருக்கிறது, அது தவறினால் எண்ணிக் காட்ட முடிகிறது. நம் நாட்டில் சான்றிதழுக்குக் கெடு உண்டு. பிள்ளைக்கு வகுப்பறையில் உதவி எந்த நாளுக்குள் தொடங்க வேண்டும் என்பதற்கு அப்படியொரு கெடு இல்லை. இந்தக் குறையைச் சட்டமன்றத்தில் யாராவது எழுப்ப வேண்டும்.

மலையை ஒட்டித் தெற்கே போனால் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் வேறொரு பாதை தெரிகிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981இல் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. தசைச்சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு சேர்ந்தார். சிகிச்சையாளர் இருக்கும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் முறையை அவர்கள் திருப்பிப் போட்டார்கள். பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்கள் வீட்டுக்கே போகிறார்கள். கையிலுள்ள செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிகிறார்கள். தூரத்திலிருந்து சிகிச்சையாளர் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார். அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதால் மற்ற நாட்களிலும் பயிற்சி நிற்பதில்லை. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் சிதறிக்கிடக்கும் வண்டன்மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருப்பதாகத் தெரியவில்லை.

கேரளத்துக்குள்ளும் முன்மாதிரிகள் இருக்கின்றன. 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூர் ஊராட்சியில் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக உள்ளாட்சி அமைப்புகளும் மகளிர் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்தும் பள்ளிகள் இவை. படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியர் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. வகுப்புத் தோழர்கள் கூட்டமாகப் போய் அந்தப் பிள்ளையோடு பாடி விளையாடிவிட்டு வரும் ‘சங்ஙாதிக்கூட்டம்’ அதோடு சேர்ந்தது. ஊராட்சிகள் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி கிராமசபையும் கூட்டுகின்றன. ‘எங்க வார்டில் இத்தனை பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தேவை, வண்டி ஏற்பாடு வேண்டும்’ என்று அங்கே நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். தனியாக ஓர் அம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட இது வலுவானது. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலையை விடுவது எவ்வளவு கஷ்டம் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் நாலு வீடு முறை வைத்துப் போவது நல்லது.

வாயால் கேட்டதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது. அதனால் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்க மனு எழுத வேண்டும்; அதன் நகலைப் பி.ஆர்.சி.க்கும் கொடுக்க வேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: எங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறார், கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்தத் தேதியில் வந்தார்? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரும், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இருக்கின்றன. வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

மனுவில் குற்றச்சாட்டு வேண்டாம். பள்ளியில் இருக்கும் டீச்சரும் ஆள் பற்றாக்குறையில் திணறுபவர்தான், அவரையே சாட்சியாக்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, எப்போதிலிருந்து, வகுப்பில் என்ன உதவி தேவை, எந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பவை போதும். அதோடு பிள்ளையின் நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைக்கலாம். ஒன்று மலையாளத்தில் எழுதியது, மற்றது அதே வாரம் வீட்டில் தமிழில் எழுதியது. இரண்டின் தலைப்பிலும் தேதி இருக்கட்டும். நகலில் பள்ளியின் முத்திரை விழுந்த பிறகு வீட்டுக்குப் புறப்படலாம்.